168 மெகாஹெர்ட்ஸ் என்று யார் சொன்னது?

எஸ்டிஎம்32எஃப்405 சில்லு ரீசெட் ஆனதும் உள்ளே இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரில்தான் ஓடத் தொடங்குகிறது. வெளிக் கிரிஸ்டலை இயக்கி, அது நிலைப்படும்வரை காத்திருந்து, பிஎல்எல் வழியாக 168 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுவது ஃபர்ம்வேரின் பொறுப்பு. கியூஎமு எமுலேட்டரில் இதே சில்லு நெட்டுயினோ பிளஸ் 2 போர்டாக வரும்போது, போர்டு நிரலே 168 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. கிளாக்கைத் தேர்ந்தெடுக்கும் ஆர்சிசி பகுதியை மாதிரியாக்குவதே முறை என்று அந்த மூலநிரலிலேயே குறிப்பு இருக்கிறது.

இந்த எளிய வழியை ஒதுக்கிவிட முடியாது. புரோட்டோகால் பார்சரையோ ஆர்டிஓஎஸ் பணிகளின் வரிசையையோ சோதிக்கத் துல்லியமான பிஎல்எல் வேண்டியதில்லை. கியூஎமு 2020இல், 5.1 பதிப்பில், கிளாக்கைத் தனிப் பொருளாக்கியதும் நல்ல அடித்தளம். முன்பு கோர்டெக்ஸ்-எம் சிஸ்டிக் டைமரின் வேகம் ஒரே குளோபல் மாறியில் கிடந்தது. இப்போது மூலக் கிளாக் மாறினால் அதோடு இணைத்த சாதனங்களுக்கும் மாற்றம் போய்ச் சேரும்.

என் மறுப்பு அடுத்த படியில்தான். ஆர்சிசி இல்லாத இடத்தில் அதைப் படித்தால் பூஜ்யம் வரும். கிரிஸ்டலும் பிஎல்எல்லும் நிலைப்பட்டதைச் சொல்லும் தயார் பிட்டுக்காகக் காத்திருக்கும் ஃபர்ம்வேர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தீர்க்க, அந்தப் பிட்டுகளை எப்போதும் 1 என்று வைத்துவிடுகிறார்கள். ஃபர்ம்வேர் ஓடும், சோதனை பச்சை காட்டும். ஆனால் கிளாக் அமைப்பில் உள்ள ஒரு பிழைகூட இனி வெளியே தெரியாது.

பழக்கமான ஒரு பிழையைப் பார்ப்போம். சில்லைத் தயாரிக்கும் எஸ்டியின் பழைய எஃப்4 வரிசை நூலகம் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். அதே நிறுவனத்தின் டிஸ்கவரி போர்டில் இருப்பதோ 8. பிஎல்எல்லின் உள்ளீட்டு வகுஎண்ணை 25 என்றே விட்டால் கணக்குப்படி கோருக்குக் கிடைப்பது 53.76 மெகாஹெர்ட்ஸ். 115200 என்று நினைத்து அனுப்பும் யுஆர்ட் 36864இல் பேசும். எதிர்முனையில் குப்பைதான் வரும். நிலையான கிளாக் உள்ள எமுலேட்டரில் எழுத்துகள் அழகாகத் திரையில் வந்து விழும்.

தூக்கநிலையில் இது இன்னும் ஆபத்து. ஸ்டாப் நிலையிலிருந்து விழிக்கும் எஃப்4 மீண்டும் 16 மெகாஹெர்ட்ஸுக்கே திரும்புகிறது. பிஎல்எல்லை மறுபடி அமைக்க மறந்த ஃபர்ம்வேரும் எமுலேட்டரில் தேறிவிடும். கிரிஸ்டல் நின்றுபோனால் என்எம்ஐ எழுப்பும் பாதுகாப்பு ஏற்பாட்டின் கதியும் இதுதான். மேசையில் ஓடும் போர்டில் கிரிஸ்டலை நினைத்த நொடியில் நிறுத்துவது சிரமம், எமுலேட்டரில் ஒரு கட்டளை போதும். எமுலேட்டரால் மட்டுமே எளிதாகத் தரமுடிந்த சோதனையை நாமே மூடிவைக்கிறோம்.

முழு மாதிரிக்கும் எல்லை உண்டு. கிளாக் மரம் டைமர்களின் நேரத்தைத் திருத்தும். கட்டளைகள் ஓடும் வேகத்தை அது தொடாது. கியூஎமுவில் அதை ஐகவுண்ட் என்ற அமைப்பு தனியாக முடிவுசெய்கிறது, ரீநோட் எமுலேட்டரில் எம்ஐபிஎஸ் எண். 168 மெகாஹெர்ட்ஸில் ஃபிளாஷுக்குத் தேவையான காத்திருப்புச் சுழற்சிகளைக் குறைத்து வைத்தாலும் எமுலேட்டர் கண்டுகொள்ளாது. அதனால் நேரக்கெடு சோதனைகளை வன்பொருளில்தான் நடத்த வேண்டும்.

ஆனாலும் ஓர் எல்லைக்கோட்டை எளிதாகவே போடலாம். கிரிஸ்டலின் மதிப்பைப் போர்டு கோப்பு சொல்லட்டும். மற்ற ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஃபர்ம்வேர் எழுதிய ரெஜிஸ்டரிலிருந்து கணக்கிடப்படட்டும். பிஎல்எல்லின் விசிஓவுக்குள் 1 முதல் 2 மெகாஹெர்ட்ஸ் வரை நுழைய வேண்டும். மேலே சொன்ன பிழையில் நுழைவது 0.32. அந்த இடத்தில் மாதிரி எச்சரிக்கை எழுதிவிட்டுத் தயார் பிட்டைத் தர மறுக்க வேண்டும்.