கஞ்சியின் கடல் யாத்திரை

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற ரயில் பாதையிலுள்ள கஞ்சிக்கோட்டிலே, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் அந்த எல்லைப் பிரதேசத்திலே, துவையலைத் தொட்டுக்கொண்டு குடிப்பவரும், பலாவிலையைக் கோட்டி ஈர்க்கால் குத்தி அதையே கரண்டியாக்கிப் பயற்றோடு குடிப்பவரும் கஞ்சியைக் கஞ்சி என்றே சொல்லுகிறார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் அது கஞ்ஜி என்று சற்றே உரத்து ஒலிக்கும். வடமொழியின் காஞ்சிகம் என்ற புளிநீருக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டு, இச்சொல் கடல் கடந்த விருத்தாந்தத்தைப் பார்ப்போம்.

போர்ச்சுக்கீசிய வைத்தியரான கார்சியா ட ஓர்ட்டா, 1563இல் கோவாவில் அச்சிட்ட தமது சம்பாஷணை வடிவான மருந்து நூலிலே, வாந்திபேதி கண்டவனுக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீரைப் பற்றி எழுதி, அதன் பெயர் ‘கான்ஜே’ என்று குறித்திருக்கிறார். மிளகு வர்த்தகனுடைய மூட்டையிலே சீமைக்குப் போயிற்று என்றால், கஞ்சி வைத்தியனுடைய ஏட்டிலே ஏறிக்கொண்டது. போர்ச்சுக்கல்லிலே ‘கான்ஜா’ என்றால் இன்று கோழிச் சாறு. ஜுரத்தில் கிடப்பவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அரிசிக்குப் பதிலாகப் பொடிப்பொடியான மாவுப் பண்டத்தையும் அதில் போடுவதுண்டு. சோறு போனாலும் பெயர் போகவில்லை! எளிதில் முடிகிற காரியத்தையும் அவர்கள் ‘கான்ஜா’ என்பார்கள். பிரேஸிலிலோ, அடுத்தவர் கச்சேரியிலே அழைப்பின் பேரில் மேடையேறிக் கூலியில்லாமல் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவதற்கு, ‘ஒரு கான்ஜா கொடுத்தான்’ என்று பெயர்.

போர்ச்சுக்கீசியர் வழியாக ‘கான்ஜி’யைப் பெற்ற ஆங்கிலேயர் அதை அத்தனை பிரியமாக நடத்தவில்லை. யூலும், தஞ்சையில் நீதிபதியாயிருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதியிலே, சலவைக்காரர் துணிக்குப் போடும் கஞ்சியும், பட்டாளத்தில் கைதிகளை அடைத்துவைக்கும் ‘கஞ்சி வீடு’ம் இடம் பெற்றிருக்கின்றன. ஒருவன் நோயாளிக்கு ஊட்டியதை மற்றொருவன் கைதிக்கு ஊற்றினான் என்பதிலே இரு ஜாதியாரின் சுபாவம் தெரிவதாக எனக்கொரு சபலமான எண்ணம் உண்டு. ஆராய்ச்சியாளர் ஒப்புவார்களோ என்னவோ! விடைபெறுவதையும் குனிந்து வணங்குவதையும் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றும் ‘கான்ஜி’தான். அது லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் கஞ்சிக்கு அது உறவே அல்ல.

சீனர்களுக்குத் தங்கள் அரிசிக் கூழைச் சொல்லச் சொந்தமான பழம்பெயர் இருக்கிறது. இருந்தும் ஹாங்காங் உணவுக் கடைகளின் ஆங்கிலப் பட்டியலிலே, பன்றியிறைச்சியும் பதப்படுத்திய முட்டையும் மிதக்கும் அந்தக் கிண்ணம் ‘கான்ஜி’ என்ற பெயரிலேயே விலை போகிறது.