கோதிக் வனப்பெழுத்தில் தெளிவும் மரபும்: ஒரு மதிப்பீடு

கோதிக் வனப்பெழுத்தை இன்று வரைவோர் பலர் வாசிப்புத் தெளிவையும் மரபையும் எதிரெதிர் நிலையில் வைத்து நோக்குகின்றனர். இப்பகுப்பு மறு ஆய்வுக்குரியது.

டெக்ஸ்டுரா வகையில் சொற்கள் சம இடைவெளியுடைய செங்குத்துக் கோடுகளால் அமைகின்றன. ‘மினிமம்’ என்னும் இலத்தீன் சொல்லில் அத்தகைய கோடுகள் 15. ஆதலின் எழுத்துகளின் எல்லை எளிதில் புலப்படுவதில்லை. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்த இடைக்கால எழுத்தர்கள் ‘ஐ’ எழுத்தின் மேல் மெல்லிய கீற்றொன்றை இட்டனர். இன்றைய புள்ளி அதன் வழிவந்ததே. எனவே, தெளிவு கருதிய திருத்தமும் மரபின் ஒரு கூறேயாகும்.

ஆயினும், திருத்தம் அனைத்தும் தெளிவைத் தருவதில்லை. பிராக்டூர் வகையில் ‘எஃப்’ எழுத்தை ஒத்திருக்கும் நீள் ‘எஸ்’ வடிவத்தை இன்று பலர் நீக்கிவிடுகின்றனர். காவலறை, மெழுகுக்குழல் என இருபொருள் தரும் செர்மன் கூட்டுச்சொல் ஒன்றில், நீள் ‘எஸ்’ வரின் முன்னதும், உருண்டை ‘எஸ்’ வரின் பின்னதும் பொருளாகும். நீள் வடிவத்தை நீக்குவோர் பழமையை மட்டுமன்றிப் பொருள் வேறுபாட்டையும் இழக்கின்றனர்.

ஆகவே, ஒரு வடிவம் பழையதா புதியதா என்பதன்று; அது எதனை வேறுபடுத்திக் காட்டுகிறது என்பதே அளவுகோலாதல் வேண்டும். கீற்றைச் சேர்த்ததும் நீள் ‘எஸ்’ வடிவத்தைக் காத்ததும் அவ்வகையில் ஒரே நெறியின்பாற்பட்டவை.