காட்சியகத்தில் காணாத சைக்கிள்

கிள்ளான் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடப்போர் வெண்ணிற மாளிகையொன்றைக் காண்பர். ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் வரைந்த திட்டப்படி 1909-ல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம் அது. வெள்ளையர் ஆட்சியில் சர்க்கார் காரியாலயமாயிருந்து, 2007-ல் சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சியகமாயிற்று. கிரீடத்தின் பிரதி, பதக்கங்கள், அயல்நாட்டார் அளித்த பரிசுகள் யாவும் ஒழுங்குற வைக்கப்பட்டுள்ளன. சிலாங்கூரின் எட்டாம் சுல்தானின் வாழ்வைக் கூறவே அமைந்த இடம் அது. அப்பணியைச் செவ்வனே செய்கிறது. அதன்மேல் குறை கூற நாம் புகவில்லை.

ஆயினும் ஓர் ஐயம். மன்னர் வரலாற்றைக் கண்டவர் ஊர் வரலாற்றையே கண்டுவிட்டதாகக் கருதி வெளியேறுவாரன்றோ? தோட்டத் தமிழருங்கூட அவ்வாறே எண்ணி வீடு திரும்பினால் அது யார் பிழை?

இதே கிள்ளான் வட்டாரத்தில் 1941-ல் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் இழிவை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளை விற்பவன் ஆண்டையாயிருக்க, குடிப்பவனே அதை மூடக் கேட்ட விந்தையை எந்நாட்டுச் சரித்திரத்தில் எளிதில் காண்போம்? தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

கிரீடத்தைக் காணக் கண்ணாடிப் பெட்டி உண்டு. மனிதன் இறங்க மறுத்த அந்தச் சைக்கிளைக் காண எங்கே போவது? அரண்மனையாரா அதைத் தேடித்தர வேண்டும்?

பிழை நம்முடையதே. கோபுரத்துக்கு வர்ணம் பூச வீடு வீடாய் நிதி திரட்டுகிறோம். தெங்கு கெலானா வீதியில் பித்தளை விளக்கு பேரம் பேசுகிறோம். தோட்டம் துண்டாடப்பட்ட நாளில் பாட்டன் மரம் வெட்டிய உளியையும் பால் வாளியையும் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்தோம். பால் மங்குகள் குப்பையோடு போயின. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட செக்ரோல் ஏடு எத்தனை வீட்டில் அடுப்பெரிக்க உதவிற்றோ!

பெருங்கட்டடம் வேண்டாம். தமிழ்ப் பள்ளியொன்றில் ஓர் அறையும், பூட்டுள்ள அலமாரி ஒன்றும், கிழவர் சொல்வதை எழுத வல்ல மாணவர் நால்வரும் போதும். அந்தச் சைக்கிளின் மணியேனும் எவர் வீட்டு மூலையில் கிடந்தாலும், இரும்புக்காரனுக்கு முன்னே நாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.