கடனில் என்ன குழப்பம்?

வைத்திக்குப்பத்தில் தெரிந்த அக்கா ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றைக் காட்டினார். 1954-க்கு முந்தையது, பிரெஞ்சில் எழுதியது. கூடவே காசு கொடுத்து வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பு. அதில் ஒரு வரி: "மேற்படி கடன் குழப்பத்தால் தீர்ந்தது."

"என்ன குழப்பம்பா? வீட்டு மேல எதுனா வில்லங்கமா?" அக்காவுக்கு அதுதான் பயம்.

மூலத்தில் இருப்பது 'கோன்ஃபியூசியோன்'. மொழிபெயர்த்தவர் காதில் ஆங்கில 'கன்ஃப்யூஷன்' ஒலித்திருக்க வேண்டும். அது இருக்கட்டும், குழப்பத்தால் எந்தக் கடனாவது தீருமா? அந்த இடத்திலாவது பேனா நின்றிருக்கலாம்.

பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில் இது ஒரு கலைச்சொல். 1804-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1300-ஆவது பிரிவு. கடன் கொடுத்தவரும் பட்டவரும் ஒரே ஆளாகிவிட்டால் கடன் அற்றுப்போகும். பத்திரத்தில் நடந்ததும் அதுதான். தாத்தா தன் அண்ணனிடம் கடன் வாங்கியிருக்கிறார். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அவர் காலமானதும் வரவேண்டிய பாக்கி உட்பட எல்லாம் தாத்தாவுக்கே வந்துவிட்டது. தனக்குத்தானே எப்படிக் கடன்பட முடியும்?

லத்தீனில் 'கோன்ஃபுந்தெரே' என்றால் சேர்த்து ஊற்றுவது. ரெண்டு செம்புத் தண்ணியை ஒரே குடத்தில் ஊற்றினால் எது எதுன்னு பிரிக்க முடியாதில்லையா? மனக்குழப்பம் என்ற பொருள் அதற்கப்புறம் வந்தது. நம்மிடமும் தண்ணிதான் முதலில் கலங்குகிறது, பிறகு மனசு. அந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை ஊருக்கு ஊர் வேறு வழியில் போய்விட்டன. இத்தாலிக்காரர் 'கொன்ஃபூசியோனே' என்றால் கூட்டமும் இரைச்சலுமாகக்கூட இருக்கலாம். போர்ச்சுகீசில் 'கொன்ஃபுசாவ்' தெருக் கலாட்டாவுக்கும் ஆகும். பிரெஞ்சுக்காரர் தன்னைக் 'கோன்ஃபியூ' என்றால் பலசமயம் கூச்சப்படுகிறார், மன்னிப்புக் கேட்கிறார் என்று அர்த்தம். சட்டம் மட்டும் அந்தப் பழைய குடத்தைக் கீழே வைக்கவில்லை.

'கலப்பு' என்று ஒரே சொல்லில் போடலாமே என்றார் நண்பர். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் வீட்டுப் பத்திரத்தில் 'கலப்பால் தீர்ந்தது' என்றிருந்தால் அக்காவுக்கு அடுத்த பயம் வரும். நீளமானாலும் பரவாயில்லை என்று நான் எழுதிக் கொடுத்தது இது: "கடன் கொடுத்தவர், பட்டவர் என்ற இரண்டு நிலையும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டதால் கடன் தீர்ந்தது." வக்கீலிடமும் ஒருதடவை காட்டச் சொல்லியிருக்கிறேன்.