குடத்துக்குள் கைவிட்ட சிறுவன்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள் இருக்கின்றன, கி.பி. 919, 921இல் வெட்டியவை. குழந்தைகளிடம் அவற்றை நம் பழம்பெருமையாக மட்டுமே சொல்லி வருகிறோம். கதை எழுதுகிறவனுக்கோ அதில் வரும் சிறுவன்தான் கண்ணில் படுகிறான். உள்ளே யார் பெயர் என்றறியாத பாலகன் ஓலையை எடுக்க வேண்டும்; மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து அதை உள்ளங்கையில் வாங்க வேண்டும்; எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். ஏமாற்றாதே என்பதை எந்த நீதிக்கதை இவ்வளவு அழகாகச் சொல்லும்? கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது என்பதும் குழந்தைக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறோமே, அதுதான் குறை. அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன. “நம்ம பாட்டி பேர் அதில் இருந்திருக்குமா?” என்று குழந்தை கேட்டால், “இருந்திருக்காது” என்று சொல்லிவிட வேண்டும். யார் வெளியே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதுதானே சேர்ந்து வாழ்வதன் முதல் பாடம்? விரல்களை விரித்துக் காட்டச் சொன்ன சாசனத்தைப் பற்றி நாம் கையை மூடிக்கொண்டு பேசலாமா?