உவமைக்கும் எல்லை உண்டு

அறிவியலை மக்களிடம் கொண்டுபோக நினைப்பவர் முதலில் தேடுவது ஒரு நல்ல உவமையைத்தான். கவிஞனின் கருவியும் அதுவே. ஆனால், கவிதையில் உவமை மனசைத் தொட்டால் போதும். அறிவியலில் அது கணக்குக்கும் கட்டுப்பட்டாக வேண்டும்.

1980-இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான கார்ல் சேகனின் 13 பகுதித் தொடர் ‘காஸ்மாஸ்’ இதற்கு நல்ல சான்று. பிரபஞ்சத்தின் வயது முழுவதையும் ஒரே ஆண்டுக் காலண்டராகச் சுருக்கிக் காட்டுகிறார் சேகன். வெறும் அலங்காரமில்லை இது. பென்சிலும் தாளும் இருந்தால் நாமே போட்டுப் பார்க்கலாம். இன்றைய மதிப்பீடு 1,380 கோடி ஆண்டு. அப்படியானால் காலண்டரின் ஒரு நாள் சுமார் 3.8 கோடி ஆண்டு. ஒரு விநாடி சுமார் 440 ஆண்டு. பூமி பிறப்பது செப்டம்பர் தொடக்கத்தில். டைனோசர்கள் மறைவது டிசம்பர் 30. கல்லுக்கும் மண்ணுக்கும் மூத்தவர்கள் என்று மேடையில் முழங்குகிறோமே, நமது ஈராயிரம் ஆண்டுச் சங்கப் பாட்டுக்கு அங்கே முழுசாய் ஐந்து விநாடிகூடத் தேறாது!

உவமையில் குறையும் உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவில் மனிதனோடு எல்லாம் முடிந்துவிட்டதுபோல அது தோன்றச் செய்கிறது. அதே கணக்கில் சூரியனுக்கே இன்னும் நாலு மாதத்துக்கு மேல் ஆயுள் பாக்கி இருக்கிறது. காலண்டரைக் காட்டுகிறவர் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் நிறைவாகும்.

நம் இலக்கியத்துக்கு வருவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்குகிறார். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பது பழங்குறிப்பு. இதைத் ‘தாவரவியல் நூல்’ என்று கொண்டாடுவது நம் விழா மலர்களில் வழக்கமாகிவிட்டது. அது கபிலருக்கும் நியாயமில்லை, தாவரவியலுக்கும் நியாயமில்லை. பூவைப் பார், பெயர் சொல்லி அடையாளம் காண் என்கிறது பாட்டு. அது ஏன் மலர்கிறது, எப்படிக் காயாகிறது என்று ஆராய்வது வேறு வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவது தொடங்காது. ஆனால் முதலாவதே இரண்டாவது ஆகிவிடாது.

பாட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவான ஒரு பலவீனம், கேட்பவர் திருப்பிக் கேட்க முடியாது என்பது. தூர்தர்ஷனின் ‘டர்னிங் பாயிண்ட்’ நிகழ்ச்சியில் பேராசிரியர் யஷ் பால் இந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தார். நேயர்களின் கேள்விகளுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர்போலப் பதில் சொன்னார். அங்கே நிகழ்ச்சியை நடத்தியது பார்வையாளரின் சந்தேகம்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்ல வேண்டும் என்கிறோம். நல்லது. “எல்லாம் அன்றே சொன்னார்கள்” என்று சொல்லி அனுப்பினால் பிள்ளை கைதட்டிவிட்டுப் போய்விடும். 99 பூக்களில் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள், கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி தமிழில் வந்தால், அதுவே நமக்கு வெற்றி.