குன்றின்மேல் இட்ட விளக்கு: மாயூரம் வேதநாயகரின் எழுத்தும் வாழ்வும்

விவிலியத்தில் மலைப்பொழிவு என்று வழங்கும் பகுதியைக் கருத்தூன்றிப் படிப்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம், விளக்கை ஏற்றியவர் அதனை மூடி வைப்பதில்லை என்றும், நம் நற்செயல்களைக் கண்டு மக்கள் இறைவனைப் போற்றும்படி நாம் வாழ வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. அடுத்த அதிகாரமோ, பிறர் காண வேண்டும் என்பதற்காக அறம் செய்யலாகாது என்றும், வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியலாகாது என்றும் கூறுகிறது. ஒரே பொழிவில் அமைந்த இவ்விரு கட்டளைகளையும் ஒருவன் ஒருங்கே கடைப்பிடிப்பது எங்ஙனம்? பிறர் காண வாழவும் வேண்டும். காட்டிக் கொள்ளவும் கூடாது என்றால் வழி என்ன?

இவ்வினாவுக்குச் சமயவாணர் பலவாறு விடை கூறுவர். தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு ஒரு விடை உண்டு என்பது நம் கருத்து. அவ்விடையை மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் எழுத்திலும் வாழ்விலும் காண்கிறோம்.

தமிழில் கிறித்துவ இலக்கியம் வளம் மிக்கது. வீரமாமுனிவர் 1726-இல் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. இவை தம் சமயப் பொருளை வெளிப்படையாகவே காப்பியமாக்கிய நூல்கள். 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1889-இல் மறைந்த வேதநாயகரும் தேவமாதா அந்தாதி, திருவருள் அந்தாதி முதலிய பக்தி நூல்களைப் பாடியவரே. எனினும் அவரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தவை வேறு நூல்கள். நீதிநூல் (1859), பெண்மதி மாலை (1869), சர்வ சமய சமரசக் கீர்த்தனை (1878), பிரதாப முதலியார் சரித்திரம் (1879) ஆகியவற்றைச் சைவரும் வைணவரும் இசுலாமியரும் தயக்கமின்றிக் கையில் எடுக்கலாம். சமயப் பெயர் முன் நிற்காத இந்நூல்களில் சமய உணர்வு அற்றுப் போயிற்றா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

முதலில் நீதிநூலை நோக்குவோம். அறநூல் பாடுவது தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. ஆயினும் இந்நூலைப் பாடியவர் முன்சீப் பதவியில் அமர்ந்து நாள்தோறும் வழக்குகளைத் தீர்த்தவர் என்பதை மறத்தலாகாது. கைக்கூலி வாங்குவதைக் கடிந்து அவர் ஓர் அதிகாரமே அமைத்தார். அந்நாளில் வழக்காடுவோர் பலர் கைக்கூலிக் கொடுமையை நேரில் கண்டவர்கள். அவர்களுக்குத் தீர்ப்பு வழங்கும் இருக்கையில் இருந்தவரே அதனை இழிவு என்று பாடி அச்சிட்டார். அதன் பின் அவர் ஒருமுறை கை நீட்டியிருப்பின், ஊரார் அந்நூலைக் கொண்டே அவரை எள்ளியிருப்பர். தம் ஒழுக்கத்தை அளக்கும் கோலைத் தாமே ஊரார் கையில் கொடுத்த துணிவு அது. சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்று தமிழில் தந்ததும் இத்தகைய தொண்டே. ஆங்கிலம் அறியாத குடிமகன் தன் வழக்கின் நியாயத்தைத் தன் மொழியில் அறிய வேண்டும் என்ற பரிவு அதில் உண்டு.

அடுத்து, தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரம். முன்னைய நூல்களில் கூறிய அறங்களை எடுத்துக்காட்டால் விளக்குவது இதன் நோக்கங்களுள் ஒன்று என்று ஆசிரியரே முன்னுரையில் குறித்துள்ளார். நூலின் வலிமையும் மெலிவும் இந்நோக்கத்திலிருந்தே பிறக்கின்றன. கதைமாந்தர் பலர் வாய் திறந்தால் சொற்பொழிவாகிறது. கிளைக்கதைகள் மலிந்து கதையோட்டம் தடைப்படுகிறது. நன்மையை எடுத்துரைக்கும் பக்கங்களில் நம் மனம் தளர்கிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

ஆனால் ஞானாம்பாள் செயலில் இறங்கும் இடங்களில் நூல் எழுந்து நடக்கிறது. ஆண் வேடத்தில் விக்கிரமபுரிக்கு அரசாகும் அவள், முறைகேடாகச் சிறைப்பட்ட கணவனை விடுவிக்கிறாள். அதனோடு அமையாமல் நாட்டின் நீதிமுறையையும் திருத்துகிறாள். ஆட்சிச் சுவை அவளைக் கட்டிப் போடவில்லை. உரிய காலத்தில் அரியணையை விட்டு இல்லறத்துக்குத் திரும்புகிறாள். பிறர் காணும் உயரத்தில் நின்று நன்மை செய்து, பின் அவ்வுயரத்தைப் பற்றிக் கொள்ளாமல் இறங்கி வருதல் என்னும் இந்நிகழ்ச்சி, மலைப்பொழிவின் இரு கட்டளைகளையும் ஒருசேரக் கதையாக்கியது போல் நமக்குத் தோன்றுகிறது. அறிவுரைப் பக்கங்கள் எய்தாத பயனை இக்கதைப்பகுதி எய்தி விடுகிறது.

சர்வ சமய சமரசக் கீர்த்தனையைப் பற்றி ஒரு மறுப்பு எழக்கூடும். எந்தச் சமயத்தாரும் பாடுமாறு இறைவனைப் பொதுமையில் வைத்துப் பாடியது, தம் நம்பிக்கையை நீர்க்கச் செய்தல் ஆகாதோ என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. தம் பீடத்தின் முன் தேவமாதாவைப் பெயர் சொல்லிப் பாடியவர் அவர். பலர் கூடும் மன்றத்தில் அனைவரும் உடன் பாடும் சொல்லைத் தேர்ந்தார். பிறரை அயலாராக்காத அப்பணிவு அவருடைய பக்தியின் விளைவே அன்றி அதன் குறைவு அன்று. அக்கீர்த்தனைகள் இசையரங்குகளில் இன்றும் ஒலிப்பது அத்தேர்வுக்குக் கிடைத்த பயன்.

இனி வாழ்வுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று முதியோர் கூறக் கேட்டிருப்போம். அக்காலத்தில் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் பசித்தோர்க்கு உணவளித்தார். பஞ்சத்தைக் குறித்து அவர் பாடிய பாடல்கள் மக்களின் பசியை இறைவனிடம் முறையிடுவன. அவருடைய கொடையைப் பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் என்பது வழிவழி வந்த செய்தி. பாரதியாரோ சிவபக்தர். திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் சைவப் பெரும்புலவரே. அவர் வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக்கோவை பாடினார். வேதநாயகரும் அவ்வாதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றிச் செய்யுள் இயற்றினார். இந்நட்பை உ. வே. சாமிநாதையரின் எழுத்துகள் நமக்குப் பதிந்து வைத்துள்ளன.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. விளக்கைக் குன்றின்மேல் வைத்தவர் வேதநாயகர் அல்லர். அவர் ஏற்றியதோடு நின்றார். ஏந்தி உயர்த்தியவர்கள் வேற்றுச் சமயத்துப் புலவர்கள். ஒருவன் நம்பிக்கைக்குச் சான்று பகரும் உரிமை அவனைவிட அவன் அண்டை அயலாருக்கே மிகுதி என்பதை அவர் வரலாறு தெளிவாக்குகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. நம் அயல்வீட்டார் நம் மொழி அறியாதவர். நம் மறைநூல் எதுவாயினும் அதனைத் தமிழில் படிக்கப் போவதுமில்லை. அலுவலகத்தில் நாம் கையெழுத்திடும் முறை, நோயுற்ற அயலாரின் வீட்டுக்கு நாம் விரையும் வேகம், பிறர் திருநாளில் நாம் கொள்ளும் மகிழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டே நம் சமயத்தையும் நம் இனத்தையும் அவர்கள் அறிந்து கொள்வர். இங்கே பிறந்து வளரும் நம் மக்களும் அவ்வாறே அறிவர். அம்மக்களுக்கு நீதிநூலிலிருந்து சில பாடல்களைக் கற்பிப்போம். கற்பிக்கும்போது, அதனை எழுதிய முன்சீப் பஞ்ச காலத்தில் உலை ஏற்றிய வரலாற்றையும் உடன் சொல்வோம். பாடல் மறந்தாலும் அந்த உலை அவர்கள் நெஞ்சில் நிற்கும்.